ஸ்பிட்ஃபயரை ஆறில் ஒன்றாகச் சுருக்கினால் அசலைப் போலவே பறக்குமா?

உயர்ந்த இறக்கை கொண்ட ட்ரெய்னரை, அதாவது ரேடியோவால் இயக்கும் பயிற்சி மாதிரி விமானத்தை, ஓராண்டுக்கும் மேலாக ஓட்டிப் பழகிவிட்டதாகவும், அடுத்து இரண்டாம் உலகப்போர்க்கால பிரிட்டிஷ் போர்விமானமான ஸ்பிட்ஃபயர் ஒன்றை மிக இலேசான பால்சா மரத்தில் நீங்களே கட்ட விரும்புவதாகவும், அசல் விமானத்தின் வரைபடத்தை எந்த மாற்றமும் இல்லாமல் ஆறில் ஒரு பங்காகக் குறைத்தால் அது அசலைப் போலவே பறக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மிகுந்த கவனத்தோடு கட்டப்பட்ட போர்விமான மாதிரிகள் முதல் பறப்பிலேயே ஒரு பக்கமாகச் சரிந்து விழுவதைக் காணொளிகளில் பார்த்துத் தயங்குவதாகவும், இந்தியாவில் இதை எங்கே பறக்கவிடலாம் என்பது புரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இவற்றில் முதல் இரண்டும் உண்மையில் ஒரே கேள்விதான். உருவத்தில் அசலுக்கு நேர்மையாக இருந்தாலே பறப்பிலும் நேர்மையாக இருக்குமா என்பதே நீங்கள் கேட்பது. இருக்காது. உருவத்தை நாம் சுருக்கிவிடலாம். அது பறக்க வேண்டிய காற்றைச் சுருக்க முடியாது. எங்கெங்கே அசலை விட்டு விலக வேண்டும், எங்கே விலகத் தேவையில்லை என்பதைப் பால்சாவில் பல ஆண்டுகள் கட்டியும் ஓட்டியும் அறிந்த அளவில் சொல்கிறேன். என் பழக்கம் முழுவதும் புரொப்பெல்லர் விமானங்களோடுதான். டர்பைன் ஜெட் மாதிரிகளுக்கு இதை அப்படியே பொருத்திக்கொள்ள வேண்டாம்.

கணக்கிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் இதில் ஐயத்துக்கு இடமில்லை. முதல் வகை ஸ்பிட்ஃபயரின் இறக்கை வீச்சு 11.23 மீட்டர், இறக்கைப் பரப்பு சுமார் 22.5 சதுர மீட்டர், பறக்கும் எடை சுமார் 2,800 கிலோ. நீளத்தை ஆறால் வகுத்தால் வீச்சு 1.87 மீட்டர் ஆகும். பரப்போ முப்பத்தாறால் வகுபட்டு 0.62 சதுர மீட்டர் ஆகிவிடும். எடையைக் கன அளவின் விகிதத்தில், அதாவது 216ஆல் வகுத்தால் 13 கிலோ வரும். 0.62 சதுர மீட்டர் இறக்கையில் 13 கிலோவைத் தொங்கவிட்டால் அந்த விமானம் மணிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டருக்குக் கீழே காற்றில் நிற்காது. தரையிறங்கும்போது அதற்கும் மேலான வேகத்தில் வந்தாக வேண்டும். அதே இறக்கையில் 5 கிலோவை வைத்தால் அந்த எல்லை 40 கிலோமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே நல்ல மாதிரி என்பது அசலின் எடை விகிதத்தைப் பின்பற்றுவது அன்று. அதில் பாதிக்கும் குறைவாக இருப்பது. 1.87 மீட்டர் ஸ்பிட்ஃபயருக்கு 5 கிலோவை இலக்காகவும் 6 கிலோவைத் தாண்டக்கூடாத எல்லையாகவும் வைத்துக்கொள்ளுங்கள். இதை முதலில் எழுதுவதற்குக் காரணம், பின்னால் வரப்போகும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றை எடை ஒன்றே தீர்த்து வைக்கும் அல்லது பெரிதாக்கும் என்பதுதான்.

இனி, இறக்கை சரிவதற்கு வருகிறேன். காற்று ஓர் இறக்கையின் மேல் எப்படி ஒட்டி ஓடுகிறது என்பது அதன் வேகத்தையும் இறக்கையின் அகலத்தையும் பொறுத்தது. இவ்விரண்டும் சேர்ந்த அளவைத்தான் ரெனால்ட்ஸ் எண் என்கிறோம். அசல் ஸ்பிட்ஃபயர் மிக மெதுவாகப் பறக்கும் நிலையிலும் இறக்கையின் வேர்ப்பகுதியில் இந்த எண் ஐம்பது லட்சத்தைத் தாண்டியிருக்கும். ஆறில் ஒன்று மாதிரியில் வேர்ப்பகுதியின் அகலம் 42 சென்டிமீட்டர். மெதுவாக வரும்போது அங்கே எண் மூன்று லட்சம் அளவில் இருக்கும். நுனிக்கு அருகே அகலம் 15 சென்டிமீட்டராகக் குறையும் இடத்தில் அது ஒரு லட்சத்துக்குச் சற்று மேலே வந்துவிடும். பன்னிரண்டில் ஒன்று என்று இன்னும் சிறிதாகக் கட்டினால் அதே இடத்தில் ஐம்பதாயிரம்தான். ஒரு லட்சத்துக்குக் கீழே போகப்போக, வழக்கமான இறக்கை வடிவங்களின் மேல் ஓடும் காற்று சீக்கிரமே பிரிந்துவிடுகிறது. அசலில் தாங்கிய கோணத்தை மாதிரியின் நுனி தாங்காது.

இதோடு நீள்வட்ட இறக்கையின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. நீள்வட்ட வடிவம் வேரிலிருந்து நுனிவரை ஒரே அளவான தாங்குதிறனை ஒவ்வொரு பகுதியிடமும் கேட்கும். இழுவையைக் குறைப்பதற்கு அது நல்லது. ஆனால் எந்தப் பகுதியும் முன்கூட்டியே எச்சரிக்காது, இறக்கை முழுவதும் ஒரே நேரத்தில் கைவிடும். ஸ்பிட்ஃபயரை வடிவமைத்த மிட்செல்லின் குழுவினர் இதை அறிந்திருந்தார்கள். வேர்ப்பகுதியை 2 பாகை மேல்நோக்கியும் நுனியை அரைப் பாகை கீழ்நோக்கியும் முறுக்கி வைத்தார்கள். இதனால் வேர்ப்பகுதி முதலில் நடுங்கி விமானிக்குச் சொல்லிவிடும். நுனியில் இருக்கும், விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் மடலான ஏலரான் அப்போதும் வேலை செய்யும். வாஷ்அவுட் எனப்படும் அந்த இரண்டரைப் பாகை முறுக்கை மாதிரியில் ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். ரிப்களை, அதாவது இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் துண்டுகளை, மேசைமேல் ஒட்டும்போதே ஒவ்வொன்றின் பின் விளிம்புக்கும் கீழே உரிய உயரத்தில் தாங்கு துண்டு வைத்து, மேல்பலகை ஒட்டி முடியும்வரை அதை எடுக்காமல் இருந்தால் முறுக்கு நிலைத்துவிடும். பலகை மூடிய பிறகு எந்த முறுக்கையும் சேர்க்கவும் முடியாது, நீக்கவும் முடியாது. இரண்டு பக்கத்துக்கும் இடையே அரைப் பாகை வேறுபட்டால்கூட விமானம் எப்போதும் ஒரே பக்கமாகத்தான் விழும். ஆகவே கட்டி முடித்ததும் கோணமானியை வைத்து இரு பக்கமும் அளந்து பாருங்கள்.

அசலின் நுனி மிகவும் மெலிந்தது, அதன் முன்விளிம்பு கூர்மையானது. அதே மெலிவை மாதிரியில் வைத்தால் இந்தச் சிறிய ரெனால்ட்ஸ் எண்ணில் அது திடீரென்று கைவிடும். நுனிப்பகுதியை வரைபடத்தில் உள்ளதைவிடச் சற்றுத் தடிமனாகவும் முன்விளிம்பைச் சற்று உருண்டையாகவும் செய்வது பெரும்பாலான மாதிரி வடிவமைப்பாளர்களின் வழக்கம். பத்தடி தள்ளி நின்று பார்ப்பவர் கண்ணுக்கு இது தெரியாது. எந்த ஏரோஃபாயில் (இறக்கையின் வெட்டுமுக வடிவம்) மிகச் சிறந்தது என்பதில் மட்டும் பழகியவர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஒவ்வொருவரும் தமக்கு நன்றாகப் பறந்ததைச் சிபாரிசு செய்கிறார்கள். வாஷ்அவுட், குறைந்த எடை, உருண்ட முன்விளிம்பு ஆகிய மூன்றும் சரியாக இருந்தால் ஏரோஃபாயிலின் பெயர் அவ்வளவு முக்கியமில்லை என்பது என் கருத்து.

எடையைப் பற்றி மேலும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட பால்சா பலகை 30 கிராமும் இருக்கலாம், 60 கிராமும் இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். பெட்டியைத் திறந்ததும் ஒவ்வொரு பலகையையும் எடை போட்டுப் பென்சிலால் அதன்மேல் எழுதிவையுங்கள். மிக இலேசானவற்றை வாலுக்கென்று ஒதுக்குங்கள். நடுத்தரமானவை இறக்கையின் மேல்பலகைக்கும் உடற்பகுதிக்கும் போகட்டும். கனமானவற்றை ஸ்பார்கள் எனும் இறக்கையின் நீள்கட்டைகளுக்கு இடையே நிறுத்தும் துண்டுகளுக்கும் பூட்டுப் பகுதிகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வாலுக்கு ஏன் இந்தச் சலுகை என்றால், இந்த அளவு ஸ்பிட்ஃபயரில் ஈர்ப்பு மையத்திலிருந்து வால் சுமார் 90 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கிறது. மூக்கில் எடை வைக்கக்கூடிய இடமோ 30 சென்டிமீட்டர் தொலைவில்தான். வாலில் 30 கிராம் கூடினால் அதைச் சமன்செய்ய மூக்கில் 90 கிராம் ஈயம் வேண்டும். வாலின் மடல்களை அசைக்கும் சிறு மோட்டார்களான சர்வோக்களை வாலுக்குள்ளேயே வைக்கும் அழகான யோசனை இந்த ஒரு கணக்கிலேயே அடிபட்டுவிடும். அவற்றை இறக்கைக்கு மேலே வைத்து, கார்பன் குழாய் அல்லது உறைக்குள் ஓடும் கம்பி வழியாகப் பின்னால் இணைப்பதே முறை. அசலில் மூக்கை அழுத்திவைத்தது மெர்லின் எஞ்சினின் எடை. நம் விமானத்தில் அந்த வேலையைப் பேட்டரி செய்ய வேண்டும். ஆகவே பேட்டரித் தட்டு எஞ்சின் மூடிக்குள் எவ்வளவு முன்னே போக முடியுமோ அவ்வளவு முன்னே போகும்படி ஆரம்பத்திலேயே இடம் விடுங்கள்.

ஈர்ப்பு மையத்தை இறக்கையின் சராசரி அகலத்தில் முன்விளிம்பிலிருந்து 25 விழுக்காட்டில் வைத்து முதல் பறப்பைச் செய்யுங்கள். நீள்வட்ட இறக்கையில் இந்தச் சராசரி அகலத்தையும் அது அமையும் இடத்தையும் கணக்கிட்டே அறிய வேண்டும். வேர்ப்பகுதியின் அகலத்தை மட்டும் வைத்து அளந்தால் பிழையாகும். மூக்கு கனத்த விமானம் மந்தமாகப் பறக்கும், ஆனால் பறக்கும். வால் கனத்ததை வெகுநேரம் ஓட்ட முடியாது. ஸ்பிட்ஃபயரின் கிடைவால் சிறியது என்பதால் மாதிரியில் அதைப் பத்து, பதினைந்து விழுக்காடு பெரிதாக்க வேண்டும் என்று சிலர் வலியுறுத்துவார்கள். ஈர்ப்பு மையம் முன்னால் இருந்தால் அசல் அளவே போதும் என்று வேறு சிலர் கூறுவார்கள். இரண்டு விதமாகவும் கட்டப்பட்ட விமானங்கள் நன்றாகப் பறந்துகொண்டுதான் இருக்கின்றன. போட்டிக்காகக் கட்டாதவர் சற்றே பெரிதாக்கிக்கொள்வதில் தவறொன்றும் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்று, ஸ்பிட்ஃபயரைத் தரையில் ஓட்டுவது. காற்றில் இருப்பதைவிட அங்கேதான் அது கூடுதல் தொல்லை தரும். அதன் சக்கரக் கால்கள் உடற்பகுதியை ஒட்டி இருந்து வெளிப்பக்கமாக மடிகின்றன. இந்த அளவு மாதிரியில் இரு சக்கரங்களுக்கும் இடையே 30 சென்டிமீட்டர்கூட இருக்காது. புல் தரையில் ஒரு சிறு பள்ளம் போதும், மூக்கு குத்தி புரொப்பெல்லர் முறிந்துவிடும். கால்கள் இறங்கிய நிலையில் அச்சு இறக்கையின் முன்விளிம்புக்கு நேராகவோ சற்று முன்னாலோ வரும்படி ரிட்ராக்ட்களை, அதாவது கால்களை மடக்கும் பொறிகளை, சாய்த்துப் பொருத்தினால் இது பெருமளவு குறையும். புறப்படும்போது விமானம் இடப்பக்கம் இழுக்கும். பின்னாலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றும் புரொப்பெல்லரின் இயல்பு அது. த்ராட்டிலை, அதாவது மோட்டாரின் சக்தியை, மெல்ல ஏற்றி, வாலின் செங்குத்து மடலான ரட்டரை வலப்பக்கம் திருப்பி நேராக வைத்து, வால் தானாக எழும்வரை காத்திருக்க வேண்டும். பின்னாளில் வந்த கிரிஃபன் எஞ்சின் ஸ்பிட்ஃபயர்கள் எதிர்த்திசையில் சுற்றியதால் வலப்பக்கம் இழுத்தன. ஆனால் உங்கள் மாதிரி எந்த வகையாக இருந்தாலும், வழக்கமான மோட்டாரும் புரொப்பெல்லரும் இருக்கும்வரை இடப்பக்கம்தான் இழுக்கும். தரையிறங்கும்போது இறக்கையின் பின்னால் இறக்கும் மடலான ஃபிளாப் விஷயத்திலும் அசலை நம்ப வேண்டாம். அசலில் இருந்தவை இரண்டே நிலைகள்: மூடியது, அல்லது 85 பாகை இறங்கியது. மாதிரியில் 30 முதல் 40 பாகையில் தொடங்கி, இறக்கும்போது மூக்கு எந்தப் பக்கம் போகிறது என்பதை உயரத்தில் பார்த்து, அதற்கேற்ப மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலான எலிவேட்டரும் தானாகச் சேர்ந்து அசையும்படி ரேடியோவில் அமைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு, ட்ரெய்னரிலிருந்து நேராக ஸ்பிட்ஃபயருக்குப் போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இடையில் தாழ்ந்த இறக்கையும் வால் சக்கரமும் கொண்ட எளிய விளையாட்டு விமானம் ஒன்றை ஒரு பருவம் ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் பிரிட்டிஷ் போர்விமானம்தான் வேண்டும் என்றால் ஹரிக்கேனைக் கட்டலாம். 12.19 மீட்டர் வீச்சு, தடித்த இறக்கை, அகலமாக நிற்கும் உள்மடிப்புக் கால்கள் என்று மாதிரிக்காரர் விரும்பும் எல்லாமே அதில் இருக்கின்றன. அமெரிக்க விமானங்களில் தண்டர்போல்ட் நல்ல தேர்வு. அதன் அகன்ற எஞ்சின் மூடிக்குள் பேட்டரியும் மோட்டாரும் தாராளமாக அடங்கும், கால்களும் அகலமாக நிற்கும். டி-28 ட்ரோஜன் மூக்குச் சக்கரம் கொண்டது என்பதால் தரையில் இன்னும் எளிது. பயிற்சி விமானம்தானே என்று ஹார்வர்டைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டாம். மெதுவாக வரும்போது இறக்கை சரிவதில் அசலும் மாதிரியும் ஒன்று போலவே பெயர் வாங்கியவை.

அளவைப் பொறுத்தவரை, பணமும் இடமும் அனுமதிக்கும் வரை பெரிதாகவே கட்டுங்கள். ரெனால்ட்ஸ் எண் ஒரு காரணம். பார்வை இன்னொரு காரணம். எடை உட்பட எல்லாமே விகிதத்தில் குறைந்தால், ஆறில் ஒன்று மாதிரியின் அசைவுகள் அசலைவிட ஆறின் வர்க்கமூல மடங்கு, அதாவது சுமார் இரண்டரை மடங்கு விரைவாக நடக்கும். அதனால்தான் சிறிய மாதிரிகள் காற்றில் துள்ளுவது போலவும் பெரியவை மிதப்பது போலவும் தோன்றுகின்றன. எந்த வேகத்தில் ஓட்டினால் அசலைப் போலத் தோன்றும் என்பதில் தெளிவான விடை கிடையாது. அசலின் உச்ச வேகமான மணிக்கு சுமார் 580 கிலோமீட்டரை ஆறால் வகுத்தால் 97. இயக்கவியல் விகிதப்படி ஆறின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 237. கண்ணுக்குப் பொருத்தமாகத் தோன்றுவது முதல் எண்ணுக்கு அருகில்தான் என்பேன், ஆனால் இது ரசனையைச் சேர்ந்தது. மின்மோட்டாரைப் பொறுத்தவரை கிலோவுக்கு 250 முதல் 300 வாட் இருந்தால் போர்விமானத்துக்குப் போதுமானது; 5 கிலோ விமானத்துக்கு 6 செல், 5,000 மில்லியாம்பியர்மணி லைபோ பேட்டரி அதைத் தரும்.

மேற்பரப்பு வேலைப்பாடு இந்தப் பொழுதுபோக்கின் பேரின்பம் என்பதால் அதற்கு ஒரு வார்த்தை. பால்சாவின் மேல் சதுர மீட்டருக்கு 25 கிராம் எடையுள்ள கண்ணாடியிழைத் துணியைப் பிசினால் ஒட்டி, மெலிதான நாடாவின் ஓரத்தில் ப்ரைமர் அடித்து உரித்தால் தகடுகளின் சந்துகள் எழும். வெள்ளைப் பசையை ஊசிமுனையால் புள்ளி வைத்தால் ரிவெட் தலைகள் வரும். பெயின்டை மட்டும் எடை போட்டுக்கொண்டே அடியுங்கள், கவனிக்காவிட்டால் அரைக் கிலோ ஏறிவிடும். எந்த விமானத்தின் வண்ணம் என்பதைப் படங்களோடு முடிவுசெய்த பிறகே கட்டத் தொடங்குவது நல்லது. நம் பகுதியோடு தொடர்புடைய வண்ணங்களுக்குக் குறைவில்லை. 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானியத் தாக்குதலை எதிர்த்து ரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் எழுந்தவற்றில் பெரும்பாலானவை ஹரிக்கேன்கள். 1944இல் அர்ஜன் சிங் தலைமையில் இந்திய விமானப்படையின் முதலாம் ஸ்குவாட்ரன் இம்பாலில் ஓட்டியதும் ஹரிக்கேனே. இந்தக் களத்தில் ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழம்பிவிடாமல் இருக்க, பிரிட்டிஷ் வட்டக் குறியிலிருந்து சிவப்பை நீக்கி நீலமும் வெளிர்நீலமும் மட்டும் வைத்தார்கள். பர்மாவில் பறந்த பிரிட்டிஷ் தண்டர்போல்ட்களுக்கு இறக்கையிலும் வாலிலும் வெள்ளைப் பட்டைகளும் இருந்தன. மாதிரி ஓட்டுபவருக்கு அந்தப் பட்டைகள் பெரிய உதவி. பச்சையும் பழுப்புமான உருமறைப்பு வண்ணம் 150 மீட்டர் தொலைவில் வெறும் கறுப்பு நிழலாகிவிடும்போது விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை அவைதான் காட்டும்.

முதல் பறப்பன்று ரேடியோ எவ்வளவு தொலைவு எட்டுகிறது என்பதைச் சோதித்துப் பாருங்கள். தொடர்பு அறுந்தால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் அமைந்திருக்கிறதா என்பதை டிரான்ஸ்மிட்டரை அணைத்தே பாருங்கள். இதைச் செய்யும்போது புரொப்பெல்லரைக் கழற்றி வைத்திருக்க வேண்டும். மேலே போனதும் முதலில் ட்ரிம் செய்து (குச்சிகளைத் தொடாவிட்டாலும் நேராகப் பறக்கும்படி சரிசெய்து), பிறகு நல்ல உயரத்தில் த்ராட்டிலைக் குறைத்து, கால்களும் ஃபிளாப்பும் இறங்கிய நிலையில் எலிவேட்டரை மெல்ல இழுத்து, விமானம் எந்த வேகத்தில், எந்தப் பக்கம் சரிகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் தரையிறக்கத்துக்கு வரக்கூடாது. நீங்கள் பார்த்த காணொளிகளில் பெரும்பாலான விபத்துகள் ஓடுபாதைக்குத் திரும்பும் கடைசி வளைவில் நடந்திருக்கும்: மெதுவான வேகம், செங்குத்தான சாய்வு, மூக்கைத் தூக்கும் எலிவேட்டர் ஆகிய மூன்றும் அங்கேதான் ஒன்றுகூடுகின்றன. அந்த வளைவைப் பெரிதாக எடுத்து, மோட்டாரை முழுதும் நிறுத்தாமல், தொடும்வரை சிறிது சக்தியோடு வாருங்கள். இறக்கை சரியத் தொடங்கினால் எதிர்ப்பக்க ஏலரானைத் திணிப்பது சரிவை மோசமாக்கும். எலிவேட்டரை விட்டு, த்ராட்டிலைக் கூட்டி, ரட்டரால் பிடிப்பதே வழி. இந்த நேரத்தில் உதவும் என்று கைரோ நிலைப்படுத்திகளைச் சிலர் பொருத்துகிறார்கள். காற்றடிக்கும் நாளில் அவை பயன்படும் என்பது உண்மை. வேகம் போன இறக்கையை எந்தக் கைரோவும் தாங்கிப் பிடிக்காது என்பதும் உண்மை.

கடைசியாக, எங்கே பறக்கவிடுவது என்ற கேள்வி. இந்தியாவின் 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் 25 கிலோவுக்கு மேற்படாமல், கல்வி, ஆய்வு, பொழுதுபோக்கு போன்ற நோக்கங்களுக்காகக் கண்பார்வைக்குள் மட்டும் இயக்கப்படுபவற்றை மாதிரி விமானங்கள் என்று தனியாக வரையறுக்கின்றன. வான்வெளியோ பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. மஞ்சள் பகுதியில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதியும், சிவப்புப் பகுதியில் மத்திய அரசின் அனுமதியும் தேவை. பச்சைப் பகுதியிலும் பொதுவாக 400 அடிதான் உச்சவரம்பு. விமான நிலையங்களைச் சுற்றியும் படைத்தளங்களைச் சுற்றியும் இந்த நிறங்கள் மாறக்கூடியவை என்பதால், அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் உள்ள வான்வெளி வரைபடத்தைப் பறக்கவிடும் நாளன்றே பாருங்கள். விதிகளும் திருத்தப்படுவதுண்டு, நான் எழுதியதை மட்டும் வைத்து முடிவெடுக்காமல் நடப்பிலுள்ள பிரதியைப் படியுங்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கணக்கை நினைவில் வையுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் 5 கிலோ விமானத்தின் ஆற்றல், அதே எடையைப் பன்னிரண்டு மாடி உயரத்திலிருந்து கீழே போட்டால் வரும் ஆற்றலுக்குச் சமம். ஆகவே சிறுவர்கள் விளையாடும் பள்ளித் திடலோ, சாலையை ஒட்டிய ஏரிக்கரையோ இதற்கு ஆகாது. வெட்டிச் சமன்செய்த நூறு மீட்டர் தரை, அதற்கு அப்பால் ஆளில்லாத பரப்பு, முதுகுப்பக்கம் சூரியன், எல்லோரும் உங்களுக்குப் பின்னால் நிற்கும் ஒழுங்கு ஆகியவை அமைந்த மாதிரி விமானச் சங்கம் அருகில் இருந்தால் முதலில் அங்கே சேருங்கள். கட்டத் தொடங்கும் முன்பே சேர்வது இன்னும் நல்லது. இறக்கையின் மேல்பலகையை மூடுவதற்கு முன் அனுபவமுள்ள ஒருவர் வந்து வாஷ்அவுட்டை அளந்து பார்க்க முடியும்.